மரகதவல்லி நகரின் கன்னி மூலை

மரகதவல்லி நகரின் மனை வரைபடத்தில் பச்சை மை பூசிப் பூங்கா என்று எழுதியிருந்த தென்மேற்கு மூலை, நகர் பிறந்த நாளிலிருந்து ஒரு துளசிச் செடியைக்கூடப் பார்த்ததில்லை. சீமைக் கருவேலமும், யாரோ கழற்றிப் போட்ட கழிவறைப் பீங்கானும், போன தேர்தலின் பிளெக்ஸ் தட்டிகளும், நாலைந்து நாய்களுமாக அது பாட்டுக்குக் கிடந்தது, கிடந்து கிடந்து ஒரு விடியற்காலையில் செவ்வாய்க் கிரகத்தின் எரிமலை உச்சிப் பள்ளமாக ஆகியிருந்தது. அன்று செவ்வாய்க்கிழமை என்று ஜோசியர்கள் பிற்பாடு சேர்த்துக்கொண்டார்கள். அதெல்லாம் சும்மா. அன்று வியாழக்கிழமை, குப்பை வண்டி வரவேண்டிய நாள், வழக்கம்போல வரவில்லை, அதனால்தான் வாழைப்பூ ஆய்ந்த குப்பையை ஒரு பையில் கட்டி எடுத்துக்கொண்டு குழலி அந்த மூலைக்கு நடந்தாள்.

நடந்தாள் என்று ஒரு சொல்லில் சொல்லிவிடலாம். முழுப் பெயர் மட்டுவார்குழலி, மலைக்கோட்டை அம்மன் பெயர், வயது ஐம்பத்து மூன்று; கட்டிலிலிருந்து கால் ஊன்றும்போது ஒரு வலி, சமையலறைப் படி இறங்கும்போது வேறொரு வலி, தரையில் உட்கார்ந்து தேங்காய் துருவிவிட்டு எழுந்தால் அதற்கென்று தனியாக ஒன்று. உறவுக்காரர்கள் மாதிரி ஒவ்வொன்றும் வரும் நேரம் அவளுக்குத் தெரியும், போகும் நேரம்தான் தெரியாது. முட்டிக்கு நடுவே இருக்கும் மெத்தை தேய்ந்து தீர்ந்துவிட்டது, மேல் எலும்பு கீழ் எலும்பின் மேலேயே உட்கார்ந்திருக்கிறது, இரண்டு முட்டியையும் மாற்றியாக வேண்டும் என்று டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் தூக்கிக் காட்டிச் சொல்லி நாலு வருஷம் ஆகிறது. ஆடியில் உடம்பில் கத்தி வைக்கக் கூடாது என்றார் அவள் கணவர் தட்சிணாமூர்த்தி. ஐப்பசியில் மழை, புண் ஆறாது. மார்கழி வேண்டாம். தையில் தங்கச்சி மகள் கல்யாணம், பங்குனியில் வெயில், சித்திரையில் வெயிலோ வெயில். கல்லூரியில் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், கழுத்தில் விசில் இல்லாமலே விசில் ஊதுகிற தோரணை இன்னும் போகவில்லை. தினம் பத்துத் தோப்புக்கரணம் போட்டால் எல்லாம் சரியாகும், உடம்பை வளர்த்துவிட்டு டாக்டரிடம் போய் நிற்காதே என்பார். உண்மைக் காரணம் ஒரே ஒரு தடவை, சாம்பாரைச் சோற்றில் பிசைந்துகொண்டிருந்தபோது, தானாக அவர் வாயிலிருந்து வந்தது.

“நீ ரெண்டு மாசம் படுத்துட்டா எனக்கு யாரு ஆக்கிப் போடுவா?”

குழலி சாம்பார்ச் சட்டியை நகர்த்தி வைத்தாள். ரசம் ஊற்றினாள்.

அப்படிப்பட்ட காலை இழுத்துக்கொண்டு போய்ப் பையை வீசக் கை ஓங்கியவள் ஓரத்திலேயே நின்றுவிட்டாள். கருவேலம் இல்லை, பீங்கான் இல்லை, நாய்கள் மதிலோரமாக மரியாதையாக உட்கார்ந்திருந்தன. பாதாளச் சாக்கடைக்குக் கடைசியில் தோண்டிவிட்டார்கள் போலிருக்கிறது என்றுதான் முதலில் நினைத்தாள். ஆனால் சாக்கடைக்குத் தோண்டுகிறவர்கள் இவ்வளவு அழகாகத் தோண்டுவதில்லை; துருப்பிடித்த இரும்பின் நிறத்தில், வட்டத்துக்குள் வட்டமாக, படி படியாக இறங்கி, கீழே தட்டைத் தரை, தரையின் ஓரம் உடைந்து இன்னொரு பள்ளம், அதற்குள் இன்னொன்று, எதிர்க்கரை கண்ணுக்கே எட்டவில்லை. வெளியே சுற்றி வந்து பார்த்தால் அதே ஒன்றரைக் கிரவுண்டு மனைதான், ஒரு பக்கம் நலச் சங்கத்தின் தகரக் கொட்டகை, மறு பக்கம் மின்கம்பம். உள்ளே பார்த்தால் திருச்சியிலிருந்து தஞ்சாவூர் போகிற தூரம் இருந்தது.

முதல் படியில் கால் வைத்தாள். வலிக்கவில்லை. இரண்டாவதில் வைத்தாள். உடம்பில் மூன்றில் இரண்டு பங்கை யாரோ பின்னாலிருந்து தூக்கிப் பிடித்துக்கொண்ட மாதிரி இருந்தது. திரும்பிப் பார்த்தாள், யாருமில்லை, அப்படித் தூக்கிப் பிடிக்கிறவர்கள் யாரும் அவள் வாழ்க்கையில் எப்போதும் இருந்ததில்லை. காற்று கொஞ்சம் மெலிசு, பூட்டிக் கிடந்த எவர்சில்வர் டப்பாவைத் திறந்த வாசனை, ஆனால் மூச்சு விட முடிந்தது. அங்கே மூச்சு விட முடியாது என்று எழுதி வைத்திருப்பவர்கள் யாரும் மரகதவல்லி நகர்ப் பக்கம் வந்ததில்லை. குழலி இறங்கினாள், நடந்தாள், நடையை எட்டிப் போட்டாள், கல்யாணத்துக்கு முன்பு கடைசியாக ஓடியதுபோல ஒரு ஓட்டம் ஓடினாள். பிறகு குப்பைப் பையைத் திரும்ப வீட்டுக்கே எடுத்துக்கொண்டு வந்தாள். அங்கே கொட்ட மனம் வரவில்லை.

பக்கத்து வீட்டு பெலிசிட்டாவிடம்தான் முதலில் சொன்னாள். கான்வென்ட்டில் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவள் பெலிசிட்டா. நாற்பது வருஷம் கழித்தும் அந்த பெஞ்சிலிருந்து எழுந்திருக்காத மாதிரியே பேசுவாள்.

“காலையில பிரஷர் மாத்திரை போட்டியாடி நீ?”

“வாயை மூடிட்டு வந்து பாரு.”

வந்து பார்த்தவள் சிலுவைக்குறி போட்டாள், இரண்டு படி இறங்கினாள், இடுப்பைப் பிடித்திருந்த கையை எடுத்து அதை என்ன செய்வதென்று தெரியாமல் பார்த்துக்கொண்டு நின்றாள். “ஏய், இது அதுதானே? எய்த் ஸ்டாண்டர்டுல சிஸ்டர் ஒடிலியா போர்டுல போட்டுக் காட்டினாங்களே.”

அதுதான். கால்டெரா. அண்டா என்று அர்த்தம் என்று சொல்லி, விடுதிச் சமையலறையிலிருந்து அண்டாவையே வகுப்புக்குத் தூக்கிவரச் செய்தவர் சிஸ்டர் ஒடிலியா. இதை எரிமலையின் வாய் என்று எழுதுகிறவளுக்கு முட்டை மார்க் என்று அவர் மிரட்டியது குழலிக்கு இன்னும் காதில் இருக்கிறது: வாய் வேறு, இது வேறு. உள்ளே இருந்த நெருப்புக் குழம்பையெல்லாம் மலை வெளியே கொட்டிக் கொட்டித் தீர்த்துவிடும், அடியில் தாங்கிப் பிடிக்க ஒன்றும் மிச்சமிருக்காது, அப்போது உச்சி தன் கனம் தாளாமல் உள்ளே இறங்கி உட்காரும். சுமத்ராவில் அப்படி இறங்கியதில் ஒரு பெரிய ஏரியே நிற்கிறது. வெள்ளிக் கிரகத்தில் உண்டு, வியாழனைச் சுற்றும் நிலவொன்றில் இன்றைக்கும் கொதித்துக்கொண்டு உண்டு. இது எந்தக் கிரகத்துடையது என்பதில்தான் இரண்டு பேருக்கும் சந்தேகம் இருந்தது. கொஞ்ச நேரத்தில் உருளைக்கிழங்கு மாதிரி ஒரு நிலா மேற்கே உதித்து விறுவிறுவென்று கிழக்கே போனதைப் பார்த்ததும் அதுவும் தீர்ந்தது; செவ்வாயின் நிலாதான் அப்படிப் போகும் என்று சிஸ்டர் சொல்லியிருந்தார்.

நகரின் பெண்களெல்லாம் வர இரண்டு நாள் ஆகவில்லை. எதிர்வீட்டு ஜுலைகா, கல்யாண ஆர்டர் பிரியாணிக்கு விடியலிலிருந்து அடுப்படியில் நின்று நின்று குதிகால் வெந்துபோனவள், முதல் நாளே செருப்பைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு வெறுங்காலில் குதித்தாள். மதியச் சாப்பாட்டுப் பாத்திரம் கழுவிக் கவிழ்த்த பிறகு, சாயங்காலக் காபிக்குப் பால் வைப்பதற்கு முன்பு, அந்த இடைவெளியில் இறங்கினார்கள். தரையில் சம்மணம் போட்டுப் பத்து வருஷம் ஆனவர்கள் சம்மணம் போட்டார்கள், போட்டுவிட்டுக் கை ஊன்றாமல் எழுந்தார்கள், எழ முடிகிறது என்பதற்காகவே மறுபடி உட்கார்ந்தார்கள். சிவப்பு மண்ணில் கட்டம் கீறிப் பாண்டி ஆடியவர்கள் ஒரே எட்டில் எல்லாக் கட்டத்தையும் தாண்டிவிட்டதால் கட்டத்தைப் பெரிதாகக் கீறினார்கள். புடவை மேலே கிளம்பினால் நிதானமாக யோசித்து யோசித்துக் கீழே வந்தது. சூரியன் விழுகிற நேரத்தில் வானம் சொட்டு நீலம் கலந்த மாதிரி நீலமாகும், அதுதான் அவர்களுக்குக் காபி நேரத்தின் அடையாளம். அப்போது எல்லோரும் ஏறி வருவார்கள். ஓரத்தின் கடைசிப் படியைத் தாண்டித் தெருவில் கால் வைத்ததும் முழுக் கனமும் திரும்ப வந்து முட்டியில் இறங்கும்.

மற்ற மனிதர்களுக்கும் அந்தப் பள்ளம் சீக்கிரமே பழகிவிட்டது. நகரில் யாரும் வாய் நோகும் பெயர் சொல்லவில்லை, அண்டா என்றார்கள். ஆட்டோக்காரர்கள் அண்டா ஸ்டாப் என்றார்கள். செவ்வாய் தோஷமுள்ள பெண்களைப் பெற்றவர்கள் கும்பகோணத்திலிருந்தும் கரூரிலிருந்தும் வேன் பிடித்து வந்தார்கள். தோஷம் உள்ள பெண்ணைச் செவ்வாயிலேயே கொண்டுபோய் இறக்கினால் தோஷம் கழியுமா கூடுமா என்று இரண்டு ஜோசியர்கள் மின்கம்பத்தடியில் சண்டை போட்டு, ஒருவர் சட்டையை மற்றவர் பிடித்தார். நிலா மேற்கே உதிக்கிற இடத்தில் திதி எப்படிப் பார்ப்பது என்று பஞ்சாங்கக்காரர் ஒருவர் தலையைப் பிய்த்துக்கொண்டார். கல்லூரியிலிருந்து ஒரு பேராசிரியர் வந்து, இது சாத்தியமே இல்லை என்று உள்ளேயே நின்றுகொண்டு சொல்லிவிட்டுப் போனார். மணத்தக்காளி வற்றல் அங்கே காய்ந்தால் நிறம் போகாமல் இருப்பதைப் பெலிசிட்டா கண்டுபிடித்தாள். ஒருத்தருக்கும் ஒரு கெடுதலும் இல்லை, ஒரு மாதம் போல.

அதற்குப் பிறகுதான் நலச் சங்கம் விழித்துக்கொண்டது.

சங்கத் தலைவர் பூவராகன், வருவாய்த் துறையில் பெரிய பதவியில் இருந்தவர், அமெரிக்காவில் மகன் கூட்டிப்போன எரிமலைப் பூங்காவைப் பற்றி எல்லாக் கூட்டத்திலும் சொல்லுவார்: பள்ளம் எங்கே பள்ளம் எங்கே என்று காலையிலிருந்து தேடியிருக்கிறார், கடைசியில் வழிகாட்டி, ஐயா, விடிந்ததிலிருந்து அதற்குள்தான் நின்றுகொண்டிருக்கிறீர்கள் என்றானாம், அவ்வளவு பெரிசு. அந்தப் பள்ளத்தை ரசித்தவருக்குச் சொந்த நகரின் பள்ளம் உறுத்தியது, ஏனென்றால் அதில் மதிய நேரத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது, அவர் தூங்குகிற நேரம். வாஸ்து மணிவாசகத்தை வரவழைத்தார்கள். அவர் காம்பஸை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு ஓரமாக ஒரு நடை நடந்து, உதட்டைப் பிதுக்கினார்.

“கன்னி மூலையில பள்ளம். ஆகவே ஆகாது. வீட்டுப் பொம்பளைங்களைத்தான் முதல்ல தாக்கும். கை கால் விழும், உடம்பு படுத்தும். உடனே மூடிடுங்க.”

கொட்டகையில் நடந்த அந்தக் கூட்டத்துக்கு டீ கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெண்கள்தான். தட்டை ஏந்திக்கொண்டிருந்த குழலிக்குக் காது சூடாகியது.

“எங்களுக்கு ஆகாதுன்னு எங்ககிட்ட ஒரு வார்த்தை கேட்டீங்களா?”

“உங்க நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்” என்றார் பூவராகன், டீயை எடுத்துக்கொண்டே. “சர்க்கரை கம்மியா இருக்கே.”

சங்கச் செயலாளர் தட்சிணாமூர்த்தி. அவர்தான் தீர்மானத்தைப் படித்தார்; படிக்கும்போது மனைவி இருந்த பக்கம் பார்க்கவில்லை. வீட்டுக்கு வந்து, “சங்கத்துல நான் உன் புருஷன் இல்ல, செயலாளர்” என்றார். அப்படியானால் இந்தத் தோசையைச் செயலாளர் சாப்பிடுகிறாரா புருஷன் சாப்பிடுகிறாரா என்று குழலி கேட்டு முடிப்பதற்குள் தோசை தீர்ந்தது.

லாரி லாரியாகக் கிராவல் வந்தது. பின்பக்கத்தைத் தூக்கிக் கொட்டினார்கள். ஓரத்தைத் தாண்டியதும் மண்ணுக்கு அவசரம் போய்விட்டது, பொரி கொட்டிய மாதிரி மெதுவாக இறங்கியது, கீழே இருந்த பெண்கள் பேச்சை நிறுத்தாமலே நாலு எட்டு நகர்ந்து உட்கார்ந்துகொண்டார்கள். எத்தனை லாரி கொட்டியும் தரையில் ஒரு கைப்பிடி கேழ்வரகு மாவு சிந்திய மாதிரிதான் கிடந்தது. தஞ்சாவூர் வரைக்கும் நிரப்ப வேண்டும் என்பது மரகதவல்லி நகரின் ஆண்களுக்கு உறைக்கவில்லை. இன்னும் லாரி சொல்லு என்றார்கள். லாரி வேலைக்கு இடைஞ்சல் என்று சுற்றிலும் தகரம் அடித்து, கதவு வைத்து, பூட்டுப் போட்டு, உங்கள் பாதுகாப்புக்காக என்று எழுதினார்கள்.

பூட்டு விழுந்த நாளிலிருந்து குழலிக்கு வலி பழைய வலியாக இல்லை. வலி மட்டுமே தெரிந்தவரைக்கும் பொறுத்துக்கொண்டிருந்தாள். இப்போது அது இல்லாமல் இருப்பது எப்படி என்று முட்டிக்குத் தெரிந்துவிட்டது. படியிறங்கும்போதெல்லாம் அவளுக்குக் கண்ணில் நீர் வந்தது, வலியால் அல்ல, கோபத்தால். கோயிலுக்குப் போகாதே என்றால் வீட்டில் விளக்கேற்றிக் கும்பிட்டிருப்பாள், சினிமாவுக்குப் போகாதே என்றால் டிவியில் பார்த்திருப்பாள், ஒரு மனுஷி தன் காலால் வலிக்காமல் நாலு எட்டு நடப்பதற்கு உலகத்திலேயே இல்லாத ஒரு இடம் தானாக வந்து வாசலில் விழுந்திருக்கிறது, அதையும் இவர்கள் மண் போட்டு மூடுவார்களாம், அதுவும் அவள் நல்லதுக்காம். வெங்காயம் நறுக்கும்போது பலகை இரண்டாகப் பிளந்தது.

அடுத்த கூட்டத்துக்கு அவள் டீ கொண்டுபோகவில்லை. பெலிசிட்டாவையும் ஜுலைகாவையும் இரண்டு பக்கமும் வைத்துக்கொண்டு, நாற்காலி இழுத்துப் போட்டு முன்வரிசையில் உட்கார்ந்தாள்.

“மணிவாசகம் சார், எனக்கு ஒரு சந்தேகம். கன்னி மூலை எப்படி இருக்கணும்?”

“உயரமா இருக்கணும்மா. கனமா இருக்கணும். இடத்துலயே உயரம் அதுவாத்தான் இருக்கணும்.”

“இந்த அண்டா எங்க இருக்கு?”

“பள்ளத்துல.”

“பள்ளம் எதுமேல இருக்கு?”

மணிவாசகம் காம்பஸைப் பார்த்தார். காம்பஸ் ஒன்றும் சொல்லவில்லை.

“மலை மேல இருக்கு சார். மலை உச்சி உள்ள இறங்கினதுதான் இது. அந்த மலை எவ்வளவு உசரம் தெரியுமா? எவரெஸ்டைத் தூக்கி எவரெஸ்ட் மேல வச்சாலும் இதுக்கு எட்டாது. சூரியனைச் சுத்துற கிரகம் அத்தனையிலயும் இதைவிடப் பெரிய எரிமலை கிடையாது. எங்க சிஸ்டர் சொல்லிக் குடுத்தது, வேணும்னா உங்க போன்ல பாருங்க. பூமியில எந்த ஊருக்கு, எந்த அரண்மனைக்கு இவ்வளவு உசரத்துல கன்னி மூலை இருக்கு? அதைப் போய் மண்ணைப் போட்டு மூடுறீங்களே.”

பூவராகன் போனை எடுத்துப் பார்த்தார், பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், அவர் அவருக்குப் பக்கத்தில் இருந்தவரிடம் காட்டினார், வரிசையாக எல்லா முதுகும் கொஞ்சம் நிமிர்ந்தது.

“பாபநாசத்துல என் மச்சான் நகர்ல கன்னி மூலையை மூணடி ஒசத்தினதுக்கே அவ்வளவு பீத்திக்கிட்டான்” என்றார் பூவராகன்.

லாரிகள் நின்றன. தகரத்தைக் கழற்றினார்கள். பெலிசிட்டா குழலியின் தொடையில் கிள்ளினாள். ஜுலைகா, “அக்கா, இன்னிக்கு எங்க வீட்ல பிரியாணி, உங்களுக்கு மட்டும் ரெண்டு முட்டை” என்றாள். ஜெயித்துவிட்டோம் என்றுதான் மூன்று பேரும் நினைத்தார்கள்.

அடுத்த வாரம் ஓரத்தில் கிரானைட் கல்வெட்டு நின்றது: சூரியக் குடும்பத்தின் மிக உயரமான கன்னி மூலை, தலைவர் பெயர், செயலாளர் பெயர், பொருளாளர் பெயர். அதற்கடியில் நேரம். காலை முழுவதும் ஆண்கள் நடைப்பயிற்சி. மாலை முழுவதும் ஆண்கள் நடைப்பயிற்சி. பெண்கள், பகல் இரண்டிலிருந்து மூன்று, சங்க அனுமதியுடன். திறப்பு விழாவில் இந்த உண்மையைக் கண்டறிந்து உலகுக்குச் சொன்னதற்காகத் தட்சிணாமூர்த்திக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். குழலி கைதட்டவில்லை. அவள் பக்கத்தில் இருந்த ஒருத்தியும் தட்டவில்லை, அதை மேடையில் யாரும் கவனிக்கவுமில்லை.

பொன்னாடையோடுதான் அவர் முதல் தடவை இறங்கினார். சாயங்காலம், குழலி அனுமதி இல்லாத நேரத்தில் முதல் தட்டைத் தரையின் ஓரத்தில் உட்கார்ந்து காலை நீட்டிக்கொண்டிருந்தாள், பெலிசிட்டாவும் ஜுலைகாவும் கொஞ்சம் தள்ளி வற்றல் அள்ளிக்கொண்டிருந்தார்கள், நகரின் ஆண்கள் கைவீசி நடந்துகொண்டிருந்தார்கள். தட்சிணாமூர்த்தி ஒரு குதி குதித்தார், ஆள் உயரத்துக்குப் போனார், பொன்னாடை அவருக்கு மேலே விரிந்து நிதானமாக இறங்கியது. அறுபத்து மூன்று வயது மனிதர் கெக்கெக்கே என்று சிரித்தார்.

“ஏம்மா, இவ்வளவு நல்லா இருக்குன்னு நீ சொல்லவே இல்லையே!”

“தினம் சொன்னேன்.”

“முட்டி வலி சுத்தமா இல்லையா உனக்கு?”

“இங்க இல்ல.”

அவர் முகத்தில் ஒரு பெரிய பாரம் இறங்கிய நிம்மதி தெரிந்தது. கையைத் தட்டிக்கொண்டார். “அப்புறம் என்ன? இனிமே ஆபரேஷன் எதுக்கு? டாக்டர்கிட்ட வேணாம்னு சொல்லிடலாம். தினம் ஒரு மணி நேரம் இங்க வந்து உக்காந்துக்க. மிச்ச நேரம் வீட்டு வேலை ஓடும். அதான் பள்ளம் இருக்கே.”

பெலிசிட்டா வற்றல் அள்ளுவதை நிறுத்தினாள்.

குழலி எழுந்தாள், கை ஊன்றாமல். கணவரை மேலும் கீழும் பார்த்தாள். வீட்டில் எண்பது கிலோ. இங்கே, நிரம்பிய கேஸ் சிலிண்டர் ஒன்று, அதற்கு மேல் இல்லை. முப்பது வருஷமாக வாசலில் இறக்கிவிட்டுப் போகிற சிலிண்டரைச் சாய்த்து, விளிம்பில் உருட்டி, அடுப்படி வரைக்கும் கொண்டுபோய்ச் சேர்த்தவள் அவள்தான். கல்லூரிப் பையன்களுக்குப் பளு தூக்கக் கற்றுக்கொடுத்தவருக்கு அந்த நேரத்தில் எப்போதும் பேப்பர் படிக்க இருக்கும். குனிந்து, முட்டியை மடக்கி, அவர் இடுப்பைச் சுற்றிக் கையைக் கொடுத்து, குடத்தை எடுப்பதுபோல எடுத்துத் தன் இடுப்பில் வைத்துக்கொண்டாள்.

“ஏய்! என்ன பண்றே? விடுடி! எல்லாரும் பாக்குறாங்க!”

“ஆடாதீங்க. சிலிண்டர் ஆடாது.”

படி படியாக ஏறினாள். நடைப்பயிற்சி நின்றது. பொன்னாடை பின்னால் தரையைத் தொடாமல் மிதந்து வந்தது. பூவராகன் வாயைத் திறந்தபடியே வழி விட்டார். கடைசிப் படிக்கு முந்தின படியில் குழலி நின்றாள்.

“இதுக்கு அந்தப் பக்கம் நீங்க எண்பது கிலோ, எனக்கு முட்டி கிடையாது. ஆஸ்பத்திரி எப்பன்னு இங்கேயே சொல்லுங்க.”

“வீட்டுக்குப் போய்ப் பேசலாம்மா.”

“வீட்ல நாலு வருஷம் பேசியாச்சு.”

“சரி, ஆவணி பொறக்கட்டும், நல்ல நாள் பார்த்து...”

குழலி திரும்பி மறுபடி கீழே இறங்க ஆரம்பித்தாள், முதல் தட்டையும் தாண்டி, அடுத்த பள்ளம் இருளாகத் தெரிகிற பக்கமாக, சந்தைக்குப் போகிறவள் மாதிரி.

“திங்கக்கிழமை! வர்ற திங்கக்கிழமை!”

“ஏழரைல இருந்து ஒன்பது ராகு காலம்” என்று கீழேயிருந்து பெலிசிட்டா கத்தினாள். “ஒன்பதரைக்கு அட்மிஷன் போடச் சொல்லுடி.”

“சமையல்?” என்றாள் குழலி.

“ஆள் வச்சுக்கலாம்.”

“எனக்கு ஆள் வச்சீங்களா இத்தனை வருஷமா? யாரு சமைப்பா?”

இடுப்பிலிருந்து ஒரு முனகல் வந்தது.

“சத்தமா. தலைவர் சாருக்குக் கேக்கலை.”

“நான்! நான் ஆக்குறேன்! இறக்கி விடு தாயே!”

இறக்கிவிட்டாள். அவர் ஒரே ஓட்டமாகப் படியேறிக் கடைசிப் படியைத் தாண்டினார், எண்பது கிலோவும் ஒரேயடியாகத் தலையில் விழுந்ததில் தள்ளாடிக் கல்வெட்டைப் பிடித்துக்கொண்டார். குழலி தாண்டவில்லை. திங்கட்கிழமை வரை மேலே வர மாட்டேன் என்று சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்தாள். ஜுலைகா பாயும் தலையணையும் கொண்டுவந்தாள், பெலிசிட்டா தன் வீட்டுக்காரரிடம் மூன்று நாளைக்குத் தன்னைத் தேட வேண்டாம் என்று போனில் சொன்னாள், சொல்லிவிட்டு போனை அணைத்தாள். மற்றப் பெண்களும் ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள், நேரப் பலகையைத் தாண்டி, அனுமதி கேட்காமல். மறுநாள் மதியம் மேலேயிருந்து ஒரு தூக்குவாளி இறங்கியது, உள்ளே உப்புமா, ஒரே கட்டியாக, கடுகு வெடிக்கவே இல்லை. குழலி ஒரு வாய் தின்று பார்த்துவிட்டு வாளியைத் திருப்பி அனுப்பினாள்: “எண்ணெய் காயணும். மறுபடி.” மூன்றாம் தடவை வந்ததைச் சாப்பிட முடிந்தது.

திங்கட்கிழமை காலை ஆட்டோ வந்து நின்றது. நகரின் ஆண்களெல்லாம் கல்வெட்டருகே கூடியிருந்தார்கள், தட்சிணாமூர்த்தி கட்டைவிரலில் தீப்புண்ணுக்கு மஞ்சள் தடவி, கையில் அவள் துணிப்பையோடு. குழலி படியேறி வந்தாள். எத்தனையோ நாள் இந்த இடத்தில் உதட்டைக் கடித்துக்கொண்டு, எதிரே யாராவது நின்றால் சிரித்தும் வைத்து, காபி ஆச்சா என்று விசாரித்துக்கொண்டு தாண்டிப் போயிருக்கிறாள். இன்று கடைசிப் படியைத் தாண்டித் தார்ச்சாலையில் கால் வைத்தாள், முழுக் கனமும் திரும்ப வந்து இரண்டு எலும்புக்கும் நடுவே இறங்கியது, அவள் அடிவயிற்றிலிருந்து அலறினாள்.

காக்கைகள் மின்கம்பத்திலிருந்து கிளம்பின. தட்சிணாமூர்த்தி பையைக் கீழே போட்டார். முப்பது வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்த மனிதர், இந்தச் சத்தத்தை முதன்முதலாகக் கேட்டார்.

“கொஞ்சம் அடக்கிக்கம்மா” என்றார் பூவராகன். “தெருவே பாக்குது.”

“பாக்கட்டும்” என்றாள் குழலி, அடுத்த காலை எடுத்து வைத்து இன்னொரு தடவை அலறினாள்.

அவளுக்குப் பின்னால் பெலிசிட்டா ஏறி வந்து தாண்டினாள், இடுப்பைப் பிடித்துக்கொண்டு, ஏசுவே என்று தெரு அதிரக் கத்தினாள். அதற்குப் பின்னால் ஜுலைகா, வெந்த குதிகாலை ஊன்றி, யா அல்லா என்றாள். அதற்குப் பின்னால் பூவராகனின் மனைவி, எந்தக் கூட்டத்திலும் வாய் திறந்தே பார்த்திராத வைதேகி, தோள்பட்டையைப் பிடித்துக்கொண்டு வந்தாள், கணவர் முகத்துக்கு நேரே நின்றாள், கத்தினாள். அவளுக்குப் பின்னால் படி நிறையப் பெண்கள், பள்ளத்தின் அடி வரைக்கும், ஒருவர் பின் ஒருவராக ஏறிக்கொண்டே இருந்தார்கள்.